தொட்டிக்கு வார்த்த கூழ்

அந்த ஊதி நின்றபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முதலில் நீளமாக ஒரு முனகல், அப்புறம் தொண்டையில் சளி கட்டியவர் செருமுவதுபோல் ஒரு செருமல், அப்புறம் இரும்போடு இரும்பு உரசி ஓய்கிற கிறீச்சொலி. அதன் பிறகு எங்கள் பூம்பொழில் குடியிருப்பின் அடித்தளத்தில், கார்களுக்கும் தூண்களுக்கும் நடுவே, ஓர் அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படி ஓர் அமைதியைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்த அமைதியை ரசித்து அன்று மதியம் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம்.

ஊதி என்பது எங்கள் கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்று அடிக்கிற இயந்திரம். குளித்தது, துவைத்தது, கழுவியது, கழித்தது என்று எங்கள் வீடுகளிலிருந்து இறங்குவதெல்லாம் அந்தத் தொட்டியில் விழும். அங்கே கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள், கோடி கோடியாக, கொடுத்த காற்றை வாங்கிக்கொண்டு கொடுத்ததையெல்லாம் தின்றுவிட்டு, தெளிந்த நீரை மட்டும் மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற கூவலூர் ஏரிக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சம்பளம் கேட்காமல், லீவு கேட்காமல், தீபாவளிக்குப் புடவை கேட்காமல் அவை அதைச் செய்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஊதிக்கு மின்சாரம் கொஞ்சம் அதிகமாகச் செலவாகிறது என்று எங்கள் சங்கச் செயலாளர் கோதண்டபாணி கண்டுபிடித்தார். சோதனைக்கு அதிகாரிகள் வருகிற அன்று மட்டும் ஊதியை ஓட்டுவது, மற்ற நாளெல்லாம் நிறுத்திவைப்பது என்று பொதுக்குழுவில் பலத்த கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது. மிச்சப்பட்ட மின்சாரத்தில் நுழைவாயிலில் ஒரு நீரூற்று வைத்தோம், கலர் விளக்குகளோடு.

'ஏரியைப் பார்த்த வீடுகள்' என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றிருந்தார்கள். நாங்கள் பார்த்ததெல்லாம் ஆகாயத்தாமரை. சோப்புத் தூளிலிருந்து போகிற பாஸ்பேட்டும் சிறுநீரிலிருந்து உண்டாகிற நைட்ரேட்டும் அந்தச் செடிக்கு முதல்தரமான உரம், அதை நாங்கள் வஞ்சனையில்லாமல் வார்த்தோம். கரையிலிருந்து கரைவரை பாய் விரித்ததுபோல் பச்சை மூடிக்கொண்டது. கீழே தண்ணீர் இருக்கிறதென்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம். மீன்கள் மூச்சுவிட இடமில்லாமல் செத்தன. ஏரிக்கரைத் தெருவில் மீன் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அவர்களில் செங்கமலம் எங்கள் குடியிருப்புக்குப் பாத்திரம் தேய்க்க வந்தாள், பின்வாசல் வழியாக. அவள் மகன் வடிவேல் திருப்பூருக்குப் போய்ச் சாயப்பட்டறையில் சேர்ந்தான்.

"மீன் வந்தா வரேன்னுட்டுப் போனான்ம்மா" என்பாள், என் வீட்டுச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. "இந்தப் பச்சையப் பாத்தா மீன் எங்கருந்து வரும்? நானும் போன்ல, வரும்டா வரும்டான்னு சொல்லிக்கினு கெடக்கிறேன்."

காற்றில்லாமல் பல மாதம் கிடந்த பாக்டீரியாக்கள் ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூட வேன்கள் வந்து நிற்கிற நேரத்தில், இரும்பு மூடியைத் தாங்களே தூக்கி ஒதுக்கிவிட்டு வெளியே வந்தன. தனித்தனியாக வரவில்லை, எல்லாம் சேர்ந்து ஒரே ஆளாக வந்தன. ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். பழுப்பு நிறம், மேலே மெல்லிய நுரை, கண்ணோ காதோ கிடையாது. நடந்தது என்று சொல்ல முடியாது, சரிவுப் பாதையில் மேல்நோக்கி வழிந்தது. நாற்றம் அடிக்கும் என்று மூக்கைப் பொத்தியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். கோடையில் முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை அடித்தது.

வாசலில் வாட்ச்மேன் ஆரோக்கியம் அதை நிறுத்தினான். எந்த வீடு என்று கேட்டான். அது ஒரு குமிழி விட்டது. ஆரோக்கியம் இன்டர்காமில் கோதண்டபாணியைக் கூப்பிட்டான்.

"சார், தொட்டியில இருந்து ஒண்ணு வந்திருக்கு சார். வெளியில போகணும்போல இருக்கு. விடலாமா?"

"உள்ள வர்றவங்களைத்தானேய்யா விசாரிக்கச் சொன்னேன்? வெளியில போறவங்களை எதுக்கு நிறுத்தி வெச்சிருக்க? வேன் நிக்குது பாரு, வழிய விடு."

இவ்வாறாக அது முறைப்படி அனுமதி பெற்று வெளியே போய், மதிலைச் சுற்றி, ஏரிக்குள் இறங்கியது. பகல் முழுக்க ஏரியில் கிடந்தது. பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்து, தொட்டிக்குள் இறங்கி, மூடியைத் தானே இழுத்து மூடிக்கொண்டது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

பூம்பொழிலில் எதையும் விவாதிக்காமல் ஏற்றுக்கொள்கிற வழக்கம் இல்லை. அவசரக் கூட்டம் போட்டோம். பாக்டீரியா எப்படி மூடியைத் தூக்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை, அதற்கெல்லாம் நேரமில்லை. அதைச் செல்லப்பிராணி என்று கொள்வதா, விருந்தினர் என்று கொள்வதா என்பதுதான் கேள்வி. செல்லப்பிராணி என்றால் கழுத்தில் பட்டை வேண்டும், அதற்குக் கழுத்து இல்லை. விருந்தினர் என்றால் இரவு தங்கக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்கள் அது உரிமையாளர்கள் வீட்டுக் கழிவிலிருந்துதான் உண்டாயிற்று என்றார்கள், உரிமையாளர்கள் எதிர்மாறாகச் சொன்னார்கள். சைவமா அசைவமா என்று ஒரு குடும்பம் எழுத்துமூலம் கேட்டது. கடைசியில் கோதண்டபாணி எழுந்து, "தொட்டி பொதுச்சொத்து. பொதுச்சொத்துலேர்ந்து வந்ததும் பொதுச்சொத்து. ஆனா லிஃப்ட்ல ஏறக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். அது லிஃப்டில் ஏற ஒருபோதும் ஆசைப்பட்டதில்லை. இருந்தாலும் சொல்லிவைப்பது நல்லது என்று எல்லோருக்கும் பட்டது. அறிவிப்புப் பலகையில் அதற்குச் 'சங்கத்தின் உயிரியல் உறுப்பினர்' என்று பெயர். பிள்ளைகளுக்குக் கொழகொழா. கோதண்டபாணியின் மனைவி கோமளவல்லி மண்ணம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள், அந்தப் பெயரே நிலைத்தது.

ஏரியில் அது கிடந்த இடத்தைச் சுற்றி ஆகாயத்தாமரை முதலில் மஞ்சளித்தது, பிறகு பழுத்தது, பிறகு தானாகக் கழன்று மூழ்கியது. நுரை நுரையாகக் குமிழிகள் எழுந்து உடைந்துகொண்டே இருந்தன. தண்ணீரிலிருந்த நைட்ரேட்டை அது மூச்சாக இழுத்து வெறும் காற்றாக விடுகிறது, பாஸ்பேட்டை வயிற்றில் அள்ளி அடைத்துக்கொள்கிறது என்று சி பிளாக்கில் இருந்த நுண்ணுயிரியல் பேராசிரியர் ஞானாபரணம் விளக்கினார். பணி ஓய்வு பெற்ற பிறகு யாராவது தன்னிடம் ஏதாவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த மனிதர். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். ஒரு காலையில் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனவர்கள் ஏரியின் நடுவில் ஒரு நீலத் துண்டைப் பார்த்தார்கள். வானம் அங்கே விழுந்து கிடந்தது. நாளாக நாளாக அந்தத் துண்டு அகலமாயிற்று, மேகங்கள் அதில் நகர்ந்தன, கொக்குகள் வந்தன, வீட்டுத் தரகர்களும் வந்தார்கள்.

செங்கமலம் சோப்புக் கையோடு என் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். "டேய் வடிவேலு, தண்ணி தெரியுதுடா."

"எந்தத் தண்ணி?" அவன் குரல் எனக்கும் கேட்டது.

"ஏரித் தண்ணிடா. தொட்டியில இருந்து ஒண்ணு வந்து பச்சையெல்லாம் தின்னுட்டுது."

"யம்மா, சாயந்தரம் பேசு. மிஷின் ஓடுது. மீனு வந்தா மட்டும் சொல்லு."

மீன் வந்தது. ஒரு நாள் அவள் வேலைக்கு வரும்போதே ஓட்டமும் நடையுமாக வந்தாள். விரால் குஞ்சு பொரித்திருந்தது. செக்கச்செவேலென்று ஒரு கைப்பிடிக் குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்ததுபோல் கூட்டமாகத் திரிகிறதாம், கீழே தாய் விரால் காவல் சுற்றுகிறதாம். அடுத்த வாரமே வடிவேல் வந்து இறங்கினான். மணிக்கட்டுவரை இரண்டு கையும் நீலம். தேங்காயெண்ணெய் தேய்த்துப் பார்த்தும் புளி தேய்த்துப் பார்த்தும் அது போகவில்லை. அப்பன் விட்டுப்போன பரிசலுக்குத் தார் பூசினான். புது வலை வாங்கினான். ஆனால் வலையை வீசவில்லை.

"ஐப்பசி வரைக்கும் கை வைக்க மாட்டேன்ம்மா" என்றான் என்னிடம், பின்வாசலில் நின்றுகொண்டு. "குஞ்செல்லாம் தேறணும். அதுவரைக்கும் தண்ணி இப்படியே இருந்துச்சுன்னா நான் ஏன் திருப்பூர் போறேன்? அங்க மூக்கச் சிந்துனாலும் கலராத்தான் வருது."

"இருக்கும்டா" என்றாள் செங்கமலம். "மண்ணம்மா இருக்குது இல்ல?"

அவள் கணக்கில் பிழையில்லை. எங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

எங்கள் ஜனங்களுக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கத் தோன்றுவது சாப்பிட்டாயிற்றா என்பது. ஆடி மாதம் நெருங்கும்போது கோமளவல்லிக்கு அந்தக் கேள்வி வந்துவிட்டது. நம்முடைய கழிவைத் தின்றுகொண்டு, நம் ஏரியைச் சுத்தம் செய்துகொண்டு, ஒரு வாய் நல்ல சோறு இல்லாமல் ஓர் உயிர் நம் வாசலில் கிடக்கிறதே என்று அவளுக்கு ஒரு நாள் அழுகை வந்தது. ஏரிக்கரைக்குப் போய்ப் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து இட்லியைப் போட்டாள். அது இட்லியை உள்ளே வாங்கிக்கொண்டு குமிழி விட்டது. அவ்வளவுதான், மறுநாள் பி பிளாக்கிலிருந்து பொங்கல் வந்தது, ஏ பிளாக் விட்டுக்கொடுக்குமா, கேசரி வந்தது. தயிர்சாதம், வடை, பிறந்தநாள் கேக்கின் மிச்சம், கல்யாண வீட்டு ஜாங்கிரி எல்லாம் வந்தன. காலையில் எங்கள் வீடுகளில் பெருக்கித் துடைத்துவிட்டு மதியம் தாண்டி வெறும் வயிற்றோடு பின்வாசலில் போகிற பெண்கள், தூக்குச்சட்டிகள் ஏரிப்பக்கம் ஊர்வலம் போவதை ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அவர்களைச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்க அன்றைக்கெல்லாம் யாருக்கும் நேரமில்லை.

மண்ணம்மா பருத்தது. கன்றுக்குட்டி எருமையாயிற்று. ஆனால் ஏரியின் ஓரங்களில் மறுபடி பச்சை துளிர்த்தது. செங்கமலம் அதைப் பார்த்துவிட்டு நேரே ஞானாபரணத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். தன்னிடம் ஒருவர் சந்தேகம் கேட்கிறார் என்பதையே அவரால் முதலில் நம்ப முடியவில்லை.

"சோறு போட்டா அது ஏரிய தின்னாதா சார்?"

"தின்னாதும்மா. ராத்திரி இருட்டுல, மூச்சில்லாம கிடக்கும்போது நம்ம சாக்கடையே அதுக்குப் போதும். வெளிச்சத்துக்கு, காத்துக்கு வரும்போது பசியோட வரணும். பசி இருந்தாத்தான் தண்ணியில இருக்கிற பாஸ்பேட்டைத் தேவைக்கு மேலயே அள்ளும். அந்த நேரத்துல நீ கேசரி போட்டா அது ஏன் அள்ளப்போகுது?"

"ராத்திரி போட்டா?"

"அய்யய்யோ. காத்தில்லாத இடத்துல அளவுக்கு மேல சோறு விழுந்தா, இத்தனை மாசமா அள்ளி வெச்சதை மொத்தமா கக்கிடும்."

அவர் அதைப் பொதுக்குழுவிலும் சொன்னார். கோமளவல்லி எழுந்து நின்றாள்.

"சார், வாயில்லா ஜீவனைப் பட்டினி போடணும்னு சொல்றீங்க. உங்க காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தீங்களா?"

"பட்டினி இல்லம்மா, அதோட இயற்கையே..."

"பெத்தவங்களுக்குத்தான் தெரியும் பசின்னா என்னன்னு. நீங்க உக்காருங்க."

ஞானாபரணம் உட்கார்ந்தார். டீ வந்தது. டீயோடு அடுத்த தீர்மானமும் வந்தது: ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை மண்ணம்மாவுக்குக் கூழ் வார்ப்பது. அம்மனுக்கெல்லாம் ஆடியில் கூழ் வார்க்கிறோம், நம் தொட்டியிலிருந்தே ஒரு அம்மா வந்திருக்கும்போது வார்க்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? வார்டு கவுன்சிலரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். அவர் கையால் மூடியைத் திறந்து முதல் சொம்பை வார்ப்பதாக ஏற்பாடு. ஆகவே அன்று காலை அம்மா ஏரிக்குப் புறப்பட்டுப் போய்விடக் கூடாது. மூடியின்மேல் மஞ்சள் பூசி, கோலம் போட்டு, நடுவில் கும்பம் வைத்து, கும்பத்தைச் சுற்றிக் கேழ்வரகுக் கூழ் நிரம்பிய அண்டாக்களை வரிசையாக ஏற்றிவைத்தார்கள். அதற்குமேல் அந்த மூடியை யானை வந்தாலும் அசைக்க முடியாது.

காலையில் வருவதாகச் சொன்ன கவுன்சிலர் மதியம்வரை வரவில்லை. இன்னும் இரண்டு கூழ் வார்ப்புகளையும் ஒரு காதுகுத்தையும் முடித்துக்கொண்டு வருகிறார் என்று தகவல் வந்தது. கூழ் ஆறி ஏடு கட்ட ஆரம்பித்தது. வீணாகிவிடக் கூடாதே என்று, மூடிக்குப் பக்கத்தில் சோதனைக்காக விட்டிருந்த ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக ஆளுக்கொரு சொம்பாக ஊற்றத் தொடங்கினார்கள். வேப்பிலை கட்டிய சொம்பு, வெள்ளிச் சொம்பு, பேரனின் பிறந்தநாளை முன்னிட்டு ஒரு குடம் என்று கூழ் அந்த இருட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போது மூடியின் கீழிருந்து ஒரு முறை தட்டியது. அண்டாக்கள் குலுங்கின. மறுபடி தட்டியது.

"அம்மா ஆடுறாடி!" என்றாள் கோமளவல்லி. பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்திக்கு அருள்கூட வந்தது.

செங்கமலம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "தொறங்கம்மா, மூச்சு முட்டுது அதுக்கு. காலையில இருந்து காத்தே போவல. சார்தான் சொன்னாரே, எல்லாத்தையும் கக்கிடும்னு!"

"எட்டி நில்லு. கும்பத்துமேல கை படப்போகுது."

"கையி பட்டா என்னம்மா? தெனமும் உங்க வூட்டுத் தட்ட இந்தக் கையிதானே கழுவுது?"

"நல்ல நாளும் அதுவுமா இவளை யாருங்க உள்ள விட்டது?"

அவளுக்குப் பின்னால் வந்த வடிவேல் ஓர் அண்டாவின் காதைப் பிடித்து இழுத்தான். கூழ் வழிந்து கோலம் அழிந்தது. பிறகு நடந்தது வேகமாக நடந்தது. எங்கள் வீட்டு ஆண்கள், நடைப்பயிற்சிக்குக்கூடக் கீழே இறங்காதவர்கள், அத்தனை பேரும் சேர்ந்து அவனைத் தூக்கினார்கள். அந்த நீலக் கைகள் கூட்டத்துக்கு மேலே ஒரு கணம் தெரிந்தன. தாயையும் மகனையும் பின்வாசலுக்கு வெளியே விட்டு ஆரோக்கியம் பூட்டுப் போட்டான். ஞானாபரணம் "இது தப்பு, இது பெரிய தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "சார், இது எங்க பழக்கம், உங்களுக்குப் புரியாது" என்று யாரோ பிரியமாக அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, அவர் கையிலும் ஒரு டம்ளர் கூழைத் திணித்தார்கள்.

மூடிக்குக் கீழே இன்னும் கொஞ்ச நேரம் தட்டியது, அப்புறம் நிறுத்திக்கொண்டது. அம்மா குளிர்ந்துவிட்டாள் என்றார்கள்.

கவுன்சிலர் விளக்கு வைக்கிற வேளைக்கு வந்தார். அண்டாக்களை இறக்கி மூடியைத் திறந்தார்கள். பழுப்பு இல்லை, மண்வாசனை இல்லை. கறுப்பாக ஏதோ மிதந்தது, அழுகிய முட்டையின் நாற்றம் அடித்தளம் முழுக்கப் பரவியது. கவுன்சிலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தயாரித்து வந்த உரையைக் குறைக்காமல் பேசி முடித்தார். இயற்கையைக் காப்பது நம் கடமை என்பது அதன் சாரம்.

மண்ணம்மா ஆனியிலும் ஆடியிலும் அதற்கு முன்னாலும் அள்ளி வைத்ததெல்லாம் அந்த ஒரே நாளில் குழாய் வழியாக ஏரிக்குத் திரும்பிப் போயிருந்தது. ஏரி வாரம் முடிவதற்குள் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்ததுபோல் பாசிப் பச்சையாயிற்று. பிறகு ஒரு விடியலில் விரால் குஞ்சுகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. சிவப்பு போய் விரல் நீளம் வளர்ந்திருந்தன. வடிவேல் பரிசலில் போய் அவற்றைக் கூடைகூடையாக அள்ளிக்கொண்டு வந்து கரையில் குழி வெட்டினான். செங்கமலம் மண்ணைத் தள்ளினாள். கடைசிவரை கூடவே சுற்றிய தாய் விராலை அவன் தனியாக ஒரு துணியில் சுற்றிப் புதைத்தான் என்று சொன்னார்கள். அன்றும் மதிலுக்கு இந்தப்பக்கம் நாங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டோம், நாற்றம் தாங்கவில்லை.

சங்கம் துக்கம் கொண்டாடுவதில் குறை வைக்கவில்லை. மண்ணம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி என்று வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தோம். அதற்கு முகம் இல்லாததால் கோமளவல்லி சொம்போடு நிற்கிற படத்தைப் போட்டோம். அண்டாவை இழுத்து அபசகுனம் செய்ததால்தான் அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று முடிவாகி, ஏரிக்கரைத் தெருக்காரர்கள் யாரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. புது விளம்பரத்தில் தரகர்கள் 'பசுமை சூழ்ந்த வீடுகள்' என்று எழுதினார்கள். அது பொய்யில்லை. ஞானாபரணம் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சி பிளாக்கைக் காலி செய்தார். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

செங்கமலம் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். ஆரோக்கியம் விடவில்லை, கம்பிகளுக்கு அந்தப்பக்கம் நின்று பேசினாள்.

"வலைய மட்டும் விக்க முடியலம்மா. புது வலைதான், தண்ணியே படல. யாரு வாங்குவா? இங்க எவனுக்கு ஏரி இருக்குது?"

"எப்போ திரும்பி வருவ?"

"வந்து?" என்றாள்.

வடிவேல் அந்த ஆவணியிலேயே பழைய சாயப்பட்டறையில் சேர்ந்துவிட்டான். செங்கமலம் அவனோடு போனாள். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள்.